இரண்டாவது எஞ்சின்

அப்பா காபியைத் தொடவில்லை.

மகள் போட்ட காபியைக் குடிப்பதில்லை என்று ஒரு வாரமாகப் பிடிவாதம். அவள் வேலைக்குக் கிளம்பியதும் அதையே சுடவைத்துக் குடித்துவிடுகிறார் என்பது அக்காவுக்குத் தெரியும். பாத்திரம் தேய்க்கிறவளிடம் யார் எதை மறைக்க முடியும்?

அந்த மகள்தான் அக்கா; தம்பிக்கு அக்கா. அம்மா போன பிறகு தம்பியைக் குளிப்பாட்டி, தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கியபோது ஒட்டிக்கொண்ட பெயர். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். கல்யாணம் என்று ஒன்று நடந்தது. கட்டியவர் இப்போது வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார். அக்கா அப்பாவோடு இந்தக் குடியிருப்பில் இருக்கிறாள்.

"இன்னிக்குத்தானே?" அப்பா ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமாம்ப்பா. இன்னும் கொஞ்ச நேரத்துல."

"எஞ்சின் ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா என்ன பண்ணுவ?"

"சந்தோஷப்படுவேன்."

"ஆகலேன்னா?"

"அப்பவும் சந்தோஷம்தான். இப்பவே தெரிஞ்சுதேன்னு."

"உனக்கு ரெண்டு பக்கமும் சந்தோஷம். உன் தம்பிக்கு ரெண்டு பக்கமும் அடி." அப்பா இப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "ஊரே பாக்க அவன் மூஞ்சில கரியைப் பூசிட்ட. நான்தான் வளர்த்தேன், நான்தான் வளர்த்தேன்னு வேற சொல்லிக்கற."

அக்கா குனிந்து ஷூவின் கயிற்றை முடிந்தாள். ஏற்கெனவே முடிந்திருந்த முடிச்சுதான். அதையே அவிழ்த்து மறுபடி முடிந்தாள்.

நடந்தது இதுதான். அணுமின் நிலையத்தில் அவள் பாதுகாப்புப் பிரிவில் பொறியாளர். தம்பி அங்கேயே டீசல் பிரிவுக்குப் பொறுப்பு.

அணு உலையை நிறுத்திவிட்டால் அடுப்பை அணைத்த மாதிரி ஆகிவிடாது. சூடு உள்ளேயே இருக்கும். அதைத் தணிக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டும் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றுபோனால் கைகொடுப்பதற்கென்று இரண்டு பெரிய டீசல் எஞ்சின்கள் தனித்தனிக் கட்டடங்களில் காத்திருக்கின்றன. கூப்பிட்டால் பத்து வினாடிக்குள் எழுந்து ஓட வேண்டும். பராமரிப்புக்காக நிறுத்திய உலையை மறுபடி தொடங்குவதற்கு முன்னால், அவை எழுகின்றனவா என்று சோதிப்பார்கள்.

அந்தச் சோதனைக்கு ஒரு நிபந்தனை. சும்மா கிடந்த எஞ்சினைக் கிடந்தபடியே கூப்பிட வேண்டும். முன்னால் ஒருமுறை ஓட்டிச் சூடாக்கிவிட்டுக் கூப்பிட்டால் எந்த எஞ்சினும் நல்ல பிள்ளையாக எழுந்துவிடும். நிஜமான ஆபத்து அப்படி முன்கூட்டி ஆளனுப்பிவிட்டு வராது.

முதல் எஞ்சினின் சோதனைக்குப் போன வாரம் அக்காவைக் கூப்பிட்டார்கள். தொடங்குவதற்கு முன்னால், உறை போடாத இடம் பார்த்துப் புகைக்குழாயின் மேல் புறங்கையை வைத்தாள். சுட்டது.

"இதை ஏற்கெனவே ஓட்டியிருக்கீங்க. இந்தச் சோதனையை நான் ஏத்துக்க மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அந்த எல்லோரில் தம்பியும் நின்றான்.

உலை தொடங்குவது தள்ளிப்போனது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்துப் பொருத்தி, ஆறவிட்டு, மறுபடி சோதிக்க வேண்டும். அதுவரை ஊரில் மின்வெட்டு. குடியிருப்பில் எந்த வீட்டில் விளக்கு அணைந்தாலும் முதலில் உருண்டது அக்காவின் தலைதான்.

"கதவைச் சாத்திக்கோங்கப்பா" என்றாள்.

படியிறங்கும்போது பின்னால் அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

*

நிலையத்தின் பஸ் வரும் இடத்தில் தம்பியின் மகள் பள்ளிச் சீருடையில் நின்றாள். அவளுடைய பஸ்ஸும் அங்கேதான் வரும். அத்தையைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பத்தில் ஒட்டியிருந்த ஒரு விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தாள். அதில் படிக்க ஒன்றுமில்லை. பாதி கிழிந்திருந்தது.

அக்கா சற்றுத் தள்ளி நின்றாள்.

"அம்மா உங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க அத்தை" என்றது கம்பத்தைப் பார்த்தபடியே அந்தக் குரல்.

"இப்பப் பேசிட்டியே?"

"இது பேசறது இல்ல. தகவல் சொல்றேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் குழந்தைக்குச் சங்கடம் என்று அடக்கிக்கொண்டாள்.

"சரி. தகவல் கிடைச்சுது."

"அப்பா சரியா சாப்பிடறதில்ல. இதுவும் தகவல்தான்."

பள்ளி பஸ் வந்தது. அவள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாகக் கை அசைக்கலாமா என்று யோசித்து, அசைக்காமலேயே போய்விட்டாள்.

நிலையத்தின் பஸ்ஸில் அக்கா வழக்கமான இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டே வந்தார்கள். நிற்பது உடம்புக்கு நல்லது என்று அவர்களில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

*

டீசல் கட்டடத்துக்குள் எண்ணெய் வாசனையும் புதுப் பெயின்ட் வாசனையும் கலந்திருந்தன. எஞ்சின் ஒரு சரக்கு லாரியை விட நீளம், ஆளை விட உயரம். அதைச் சுற்றி ஆட்கள் தலைக்கவசத்தோடு நின்றார்கள். யாரும் அக்காவுக்கு வணக்கம் சொல்ல மறக்கவில்லை. அந்த மரியாதைதான் அவளுக்குக் குளிராக இருந்தது. போன வாரம்வரை 'வாங்க அக்கா, டீ சாப்பிட்டீங்களா' என்றவர்கள் அவர்கள்.

தம்பி இரண்டு எட்டு முன்னால் வந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"எல்லாம் தயார் மேடம்."

மேடம். பல் விழுந்தபோது அதை அவள் கையில் கொடுத்துவிட்டு அழுதவன்.

"குழாயைப் பாத்துக்கலாமா?" என்றாள்.

"பாருங்க மேடம்."

புறங்கையை வைத்தாள். இரும்பு ஜில்லென்று இருந்தது. தலையை அசைத்தாள். எல்லோரும் காதுக்கவசத்தை இழுத்து மாட்டிக்கொண்டார்கள். தம்பி கட்டுப்பாட்டு அறையோடு தொலைபேசியில் பேசினான். எல்லோருடைய கண்களும் நேரம் காட்டும் சிவப்பு எண்களின் மேல் போயின.

காற்று சீறியது. தரை ஒருமுறை அதிர்ந்தது. அவ்வளவு பெரிய இரும்பு முதலில் திணறி, பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓட ஆரம்பித்தது. சிவப்பு எண் எட்டில் நின்றது.

யாரோ கை தட்டினார்கள். அந்த இரைச்சலில் தட்டிய கைகள்தான் தெரிந்தன, சத்தம் கேட்கவில்லை.

எஞ்சினை நிறுத்திய பிறகு டைரக்டர் உள்ளே வந்தார். நல்ல மனிதர். கோபப்பட்டுப் பேசியதே இல்லை. சிரித்துப் பேசியே காரியத்தை முடிக்கிறவர்.

"என்ன மேடம், திருப்தியா?"

"திருப்தி சார்."

"நல்லது. ஒரு வாரமா இருட்டுல உக்காந்திருக்கற ஜனங்களுக்கும் இந்தத் திருப்தியைப் பார்சல் பண்ணி அனுப்பிடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் நாகரிகத்துக்கு உதட்டை அசைத்தாள். பிறகு சொன்னாள்.

"சார், போன வாரம் குழாய் சுட்டுது. ஏன் சுட்டுதுன்னு இன்னும் யாரும் எனக்குச் சொல்லல."

"எஞ்சின்தான் பாஸாயிடுச்சே?"

"எஞ்சின் பாஸாயிடுச்சு. நாம பாஸாகலையே."

சிரிப்பு நின்றது. டைரக்டரின் முகத்தில் மட்டும் அது பாக்கி இருந்தது.

"ரெண்டாவது எஞ்சின் சோதனை நான் இல்லாத ஷிப்ட்ல நடந்தது" என்றாள் அக்கா. "அதையாவது முன்னால ஓட்டாமப் பண்ணினாங்களான்னு தெரியணும்."

"கேளுங்க. பொறுப்பு உங்க தம்பிதானே. இங்கதானே நிக்கறார்."

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் ஒரு துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கை சுத்தமாகத்தான் இருந்தது.

"ரெண்டாவது எஞ்சினை ஓட்டாம வெச்சிருந்துதான் சோதிச்சீங்களா?" அக்கா நேராகக் கேட்டாள்.

"ஆமாம் மேடம். முறைப்படிதான்."

சின்ன வயதில் அவன் பொய் சொன்னால் காது மடல் சிவந்துவிடும். இப்போது காதின் மேல் அவன் இன்னும் கழற்றாத கவசம் இருந்தது.

இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்தக் கட்டடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அக்கா சொல்லவில்லை. ஒரு வாரக் களைப்பு ஒரு காரணம். சொன்னவன் தம்பி என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

"சரி. நம்பறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

*

கேன்டீனில் அவள் தட்டோடு வருவதைப் பார்த்ததும் ஒரு மேஜையில் இருந்தவர்களுக்குத் திடீரென்று வயிறு நிறைந்துவிட்டது. எழுந்து போனார்கள்.

"பிரேக் மேடம் வர்றாங்க, ஓரம் போங்க" என்று யாரோ மெதுவாகச் சொன்னதும், அடக்கிய சிரிப்பும் கேட்டன.

பிரேக் மேடம். பெயர் நன்றாகத்தான் இருந்தது. வேறு யாருக்காவது வைத்திருந்தால் அவளே சிரித்திருப்பாள். சாயங்காலம் தம்பியிடம் சொல்லி, அவன் இன்னும் இரண்டு பெயர் சேர்த்து, இருவருமாகக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருப்பார்கள். அவளுடைய எல்லாச் சிரிப்புக்கும் ஜோடி அவன்தான். அதை இந்த ஒரு வாரத்தில்தான் கவனித்தாள்.

தண்ணீரைப் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்க்கும் கெமிஸ்ட் அவளுக்குப் பழைய சிநேகிதி. இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். இன்று அவள் கடந்து போகிற மாதிரி வந்து, குனிந்து, கீழே விழாத ஒரு கரண்டியை எடுத்தாள்.

"நான் உன் பக்கம்தான், தெரியுமில்ல? ஆனா இங்க உக்கார முடியாதுடி. வீட்டுக்காரருக்கு இந்தத் தடவையாவது பதவி உயர்வு வரணும். தப்பா எடுத்துக்காத."

"பக்கம் வேணாம்டி" என்றாள் அக்கா. "பக்கத்துல உக்காந்தாப் போதும்."

கெமிஸ்ட் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அக்கா நிதானமாக மென்று சாப்பிட்டாள். அவசரமாகச் சாப்பிட்டால் ஓடிப்போகிற மாதிரி இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் காலியாகிவிட்ட அந்த மேஜையைத் தாண்டிக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். உலைக் கட்டடத்தின் வட்டக் கூரை வெயிலில் சும்மா இருந்தது. நாளைக் காலை அதற்கு உயிர் வரும். சோதனைகள் முடிந்தன, எல்லாம் முறைப்படி. சந்தோஷப்படுவேன் என்று அப்பாவிடம் சொன்னாளே. மனதைத் துழாவித் துழாவிப் பார்த்தாள். அங்கே சந்தோஷம் அகப்படவில்லை.

*

வீடு திரும்பியபோது அப்பா டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெறும்வரை அந்த நிலையத்தில்தான் கிரேன் ஓட்டினார். உலைக் கட்டடத்தின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே இருக்கிறவர்கள் எறும்பாகத் தெரிய, பெரிய பெரிய பாரங்களைத் தூக்கி வைத்தவர்.

"எட்டு செகண்டாமே" என்றார்.

"அதுக்குள்ள செய்தி வந்தாச்சா?"

"குடியிருப்பு பூரா இதான் பேச்சு. இப்பவாவது அவன்கிட்ட ஒரு வார்த்தை 'மன்னிச்சுக்கடா'ன்னு சொல்லு."

"எதுக்குப்பா மன்னிப்பு? குழாய் சுட்டதுக்கா?"

அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அக்கா சமையலறையில் விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா நின்றாள். இரண்டு பேருக்குச் சமைக்க வேண்டும். ஒருவர் சாப்பிடுவாரா என்பது சந்தேகம். ஜன்னலுக்கு வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் இவளைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டு மீதித் துணியை எடுத்தாள்.

வாசல் மணி அடித்தது.

தம்பி வேலை உடுப்பிலேயே நின்றான். வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருக்கிறான். அக்கா வழிவிட்டு விலகினாள். அவன் அப்பாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்து, சின்ன மேஜையின் முன்னால், பள்ளி நாளில் வீட்டுப்பாடம் எழுதிய அதே பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சாப்பிடறியா?"

"வேணாம்."

"நீ சரியா சாப்பிடறதில்லன்னு தகவல் வந்துது."

"யாரு சொன்னா?"

"ஆளைக் காட்டிக் குடுக்க மாட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. கைகளை மேஜை மேல் வைத்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேசினான். குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது.

"அக்காகிட்டச் சொல்றேன். மேடம்கிட்ட இல்ல."

"ரெண்டு பேரும் ஒரே காதாலதான்டா கேக்கறோம்."

"தெரியும்." மேஜையில் இருந்த பழைய மைக்கறையை விரலால் தேய்த்தான். "ரெண்டாவது எஞ்சினையும் ஓட்டிட்டுத்தான் சோதிச்சோம்."

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கூடத்தில் டிவியின் சத்தம் குறைந்தது.

"சொல்லு."

"எஞ்சினைக் கிளப்பற காத்தை உள்ள விடற வால்வு ரெண்டுலயும் இறுகிப் போயிருக்கு. ஒரு தடவை ஓடிட்டா இளகிடும். சும்மா கிடந்தா மறுபடி பிடிச்சுக்கும். ரெண்டாவதை முதல்ல ஓட்டாமத்தான் கூப்பிட்டுப் பாத்தோம். பத்தைத் தாண்டிடுச்சு. ரொம்பவே தாண்டிடுச்சு. அப்புறம் சூடாக்கிக் கூப்பிட்டோம். வந்துது. அதையே கணக்குல வெச்சுட்டோம்."

"இன்னிக்கு முதல் எஞ்சின் எப்படி எட்டுல வந்துது?"

"புது வால்வு ஒண்ணே ஒண்ணுதான் வந்திருந்துது. நீ நிறுத்தினதால அதை முதல் எஞ்சின்ல போட்டேன். அது இப்ப நிஜமாவே நல்லா இருக்கு. ரெண்டாவதுல பழசுதான் இருக்கு."

"யாரு சூடாக்கச் சொன்னது?"

"யாருமே சொல்லலக்கா. அதுதான் விஷயமே. டைரக்டர் கூப்பிட்டு, 'நல்ல செய்தியோட வா'ன்னாரு. அவ்வளவுதான். எப்படின்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல. பசங்ககிட்ட நானும் அதையேதான் சொன்னேன். எல்லாரும் நல்ல செய்தியோட வந்துட்டாங்க."

அக்கா நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு எஞ்சின் நல்லா இருந்தாலே போதும், ரெண்டாவது உபரிதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்" என்றான்.

"ஒண்ணு போதும்னா ரெண்டு எதுக்குடா வெச்சாங்க? இட நெருக்கடி இல்லேன்னு காட்டறதுக்கா?"

"தெரியும்க்கா. எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் பண்ணினேன்."

அவன் சட்டைப் பையில் செல்போன் துடித்தது. எடுத்தான். "ம்... அக்கா வீட்டுல இருக்கேன்" என்றான். மறுமுனையில் அவன் மனைவி சட்டென்று வைத்துவிட்டாள்.

"காலைல எல்லார் முன்னாலயும் கேட்டேனே" என்றாள் அக்கா. "அப்ப ஏன் பொய் சொன்ன?"

"எல்லார் முன்னாலயும் கேட்டதாலதான்."

"அப்ப இப்ப எதுக்கு வந்து சொல்ற? யாருக்கும் தெரியாதே. நானே கையெழுத்துப் போட்டாச்சே."

அவன் முகம் சிறுபிள்ளை முகமாக உடைந்தது.

"நீ நம்பறேன்னு சொன்ன இல்ல. கத்தியிருந்தா, சந்தேகப்பட்டிருந்தா, நானும் பதிலுக்கு நின்னிருப்பேன். நீ நம்பிட்ட. அது தாங்கலக்கா. அங்கேருந்து இதுவரைக்கும் எனக்குத் தண்ணி கூட இறங்கல."

அவள் எழுந்து ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு அவன் முன்னால் வைத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். தலையைத் தடவிக்கொடுக்கக் கை எழுந்தது. அதை அடக்கிக்கொண்டாள். இப்போது தடவினால் அவன் அழுதுவிடுவான். அழுதுவிட்டால் பாரம் இறங்கிவிடும். பாரம் இறங்கிவிட்டால் அவன் வேறு யாரிடமும் சொல்ல மாட்டான்.

"இதை நீதான் சொல்லணும்" என்றாள்.

"நீ சொல்லிடேன். உனக்குத்தான் பழக்கம்."

"நான் சொன்னா அது புகார். நீ சொன்னா அது தகவல். புகார்னா என்னைப் பாப்பாங்க. தகவல்னா எஞ்சினைப் பாப்பாங்க."

"வேலை போயிடும்."

"போகலாம்."

"உன்னை ஒதுக்கின மாதிரி என்னையும் ஒதுக்குவாங்க."

"ஒதுக்குவாங்க." அவள் அதைச் சர்க்கரை தடவிச் சொல்லவில்லை. "கஷ்டமாத்தான் இருக்கும். பஸ்ல பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க."

"உனக்கு எப்படிக்கா முடியுது?"

"யாரு சொன்னா முடியுதுன்னு?"

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, ஒரு வாரமாக அந்த வாக்கியம் யாராவது கேட்பார்களா என்று தொண்டையில் காத்திருந்தது என்று. தம்பி நிமிர்ந்து பார்த்தான். எஞ்சின் கட்டடத்தில் பார்க்காத பார்வை.

"காலைல முதல் வேலையா சொல்லிடறேன்" என்றான். "உலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. சத்தியமா."

"சரி. நீ சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன். அதையும் இப்பவே தெரிஞ்சுக்கோ."

"தெரியும்" என்றான். அதில் ஒரு நிம்மதி கூட இருந்த மாதிரி பட்டது.

அவன் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினான். அப்போதுதான் மேஜை மேல் இருந்த அக்காவின் செல்போன் அடித்தது. கட்டுப்பாட்டு அறை. ஷிப்ட் இன்சார்ஜ்.

"மேடம், நல்ல செய்தி. எல்லாக் கையெழுத்தும் வந்தாச்சு. எதுக்குக் காலைல வரைக்கும் காத்திருக்கணும்னு டைரக்டர் சொல்லிட்டார். இந்த ஷிப்ட்லயே உலையை ஆரம்பிக்கறோம். பாதுகாப்புப் பிரிவுக்குத் தகவல் சொல்லணும் இல்லையா, அதான் கூப்பிட்டேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அந்தச் சின்ன சமையலறையில் குரல் அவனுக்கும் கேட்டிருந்தது.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்றாள். "டீசல் பிரிவு உங்ககிட்டப் பேசணுமாம்."

செல்போனை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"காலைலன்னு சொன்னேனேக்கா" என்றான், உதடு மட்டும் அசைய.

"காலையை அவங்க எடுத்துட்டாங்கடா."

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?" என்றது குரல்.

அவளே சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். அவன் பின்வாங்கினால் சொல்லியும் விடுவாள். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீட்டிய கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. பாரமே இல்லாத ஒரு பொருளைத் தூக்கிப் பிடித்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவள் அறிந்ததில்லை.

தம்பி வாங்கினான். காதில் வைக்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு மேஜை மேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குனிந்தான்.

"சார், டீசல் பிரிவு பேசறேன். ரெண்டாவது எஞ்சின் சோதனை செல்லாது. முன்னால ஓட்டிச் சூடாக்கிட்டுத்தான் பண்ணினோம். ஓட்டாமக் கூப்பிட்டப்ப பத்து செகண்டைத் தாண்டிடுச்சு. அது என் பொறுப்பு. உலையை ஆரம்பிக்காதீங்க."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். காது மடல்கள் வெளுத்திருந்தன.

கட்டுப்பாட்டு அறையின் இயந்திர முனகல் மட்டும் கேட்டது. பிறகு ஷிப்ட் இன்சார்ஜின் குரல் தணிந்து வந்தது. கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"இதோ பாருங்க. இப்ப நீங்க இப்படிச் சொன்னது உங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாருக்காவது தெரியுமா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அந்தக் கேள்விக்குள் ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்படுவது இருவருக்கும் புரிந்தது. கேள்வி கேட்டவர் கெட்டவரில்லை. அவருக்கும் நல்ல செய்தியோடு போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது.

"மூணு பேருக்குத் தெரியும்னு சொல்லு."

சமையலறை வாசலில் அப்பா நின்றிருந்தார். டிவியை எப்போது அணைத்தார் என்று தெரியவில்லை. இருவரையும் விலக்கிக்கொண்டு வந்து, செல்போனுக்கு மேல் குனிந்து, பழைய கிரேன்காரரின் கூண்டுக் குரலில் உரக்கப் பேசினார்.

"இவங்க அப்பா பேசறேன். நான் ரிட்டயர் ஆனவன். எனக்கு வேற வேலை கிடையாது. வாசல்ல போய் நின்னேன்னா போறவன் வர்றவன் எல்லார்கிட்டயும் பேசிட்டுத்தான் இருப்பேன். அதையும் கணக்குல வெச்சுக்கோங்க."

மறுமுனை மூச்சை இழுத்தது.

"லைனை வெச்சுடாதீங்க" என்றார் இன்சார்ஜ். "டைரக்டர் இங்கதான் இருக்கார். கூப்பிடறேன்."

அப்பா நாற்காலியை இழுத்து, பிள்ளைகள் இருவருக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தார். மூவரும் மேஜை மேல் வெளிச்சமாகக் கிடந்த அந்தச் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்போனுக்குள் எங்கோ ஒரு கதவு திறந்தது. காலடிகள் நெருங்கி வந்தன.